ஆனர்ஸுக்கு எழுதிய கட்டுரை

ஹாலோவெல், ஒஹையோ
பிப்ரவரி 26, 2006

திரு. டுவேன் ரக்கர் அவர்களுக்கு,

"அப்பா" என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் இப்படி. மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன் என்பதற்காக இதில் வேறு எதையும் தேடாதீர்கள். ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லக்கூடிய ஆள் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆனர்ஸ் திட்டத்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள், ஸ்காலர்ஸ் திட்டத்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மே முதல் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

பள்ளியில் ஆலோசகர் திருமதி பிளாங்கன்ஷிப்பிடம் கேட்டால், "ஆனர்ஸ் கிடைச்சவ ஸ்காலர்ஸைத் திரும்பிப் பாப்பாளா? இதையெல்லாம் ஒரு கேள்வின்னு கேட்டுட்டு வர்றியே" என்கிறார். அம்மா பள்ளிச் சமையலறையிலிருந்து வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அவர்கள் அனுப்பிய இரண்டு விவரப் புத்தகத்தையும் புரட்டினாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. எதுல கம்மியா அழுவியோ அதுல சேரு" என்றாள்.

நீங்கள் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்தவர். ஏன் விட்டீர்கள் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. இரண்டு புத்தகத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு, எது என்று எழுதுங்கள். காரணத்தையும் எழுதுங்கள். பதிலை லோரெட்டா அத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். அம்மாவுக்குத் தெரியாது.

ஷெல்பி


மார்ச் 9, 2006

ஷெல்பிக்கு,

உன் கையெழுத்து மாறிவிட்டது. உறையைப் பார்த்ததும் யாரோ வக்கீல் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே தபால் அறையில் ஸ்டேப்பிள் பின் எதையும் உள்ளே விடமாட்டார்கள். நீ அனுப்பிய இரண்டு புத்தகத்தையும் பின்னைப் பிடுங்கி, தாள் தாளாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பக்க எண்ணும் இல்லை. எல்லாம் ஒரே படிப்பு என்று நினைத்து நான் நாலு நாள் படித்தேன். நூலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஹோரஸ், வெளியில் பஸ் ஓட்டியவர், அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, உன் பொண்ணு ஆய்வுக் கட்டுரையும் எழுதணும், சனிக்கிழமை ஆத்துல இறங்கிப் பழைய டயரும் பொறுக்கணும் போலிருக்கே! நம்ம ஜெயிலே தேவலை" என்றார். அப்புறம்தான் சில தாள்களின் ஓரத்தில் நீலக் கோடும் சிலவற்றில் பச்சைக் கோடும் இருப்பதைக் கண்டுபிடித்தோம்.

நீலம் ஆனர்ஸ். ஒரு வகுப்பில் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. உனக்கென்று ஒரு பேராசிரியர். நாலாவது வருடம் நீயே ஒன்றை ஆராய்ந்து எழுத வேண்டும். மதிப்பெண் சராசரி குறைந்தால் வெளியே. தனி அறை. பச்சை ஸ்காலர்ஸ். நூறு பிள்ளைகள் ஒரே விடுதியில், ஒரே பொருளை இரண்டு வருடம் எடுத்துப் படிப்பது. சேர்ந்து சாப்பிடுவது, டயர் பொறுக்குவது இதில்தான். பட்டத்தில் இதற்குப் பெரிய பெயர் வராது.

நான் பச்சை என்கிறேன். காரணம் கேட்டாய். நான் அங்கே படித்த வருடம் ஒரு இரும்புக் கடை மாடியில் அறை எடுத்திருந்தேன். கணக்கு எனக்கு நன்றாகவே வந்தது. ஆனால் பேச ஆள் இல்லை. ஜனவரியில் ஒருநாள் சளி என்று வகுப்புக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மார்ச் வரைக்கும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. தட்டாததால் நானும் திறக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

இதற்கு மேல் இரண்டு வரி அடித்திருப்பது தபால் அறைக்காரர் இல்லை, நான்தான். உன் தம்பியைப் பற்றி எழுதினேன். நீ கேட்டது அது இல்லை.

டுவேன் (அப்பா என்று போட உன்னைக் கேட்க வேண்டும்)


ஹாலோவெல்
ஏப்ரல் 17, 2006

உங்கள் கடிதத்துக்கு நன்றி. ஆனர்ஸுக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டேன்.

நீங்கள் சொன்ன காரணம் புரிகிறது. ஆனால் மார்ச் கடைசியில் பல்கலைக்கழகத்தில் ஒருநாள் கூப்பிட்டிருந்தார்கள், போய் இரண்டையும் பார்த்தேன். ஸ்காலர்ஸ் விடுதியில் முப்பது பேரை வட்டமாகத் தரையில் உட்கார வைத்தார்கள். ஒரு பந்தை வீசுவார்கள். பிடித்தவர் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அப்பா என்ன பண்றார், கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், சும்மா ஜாலியா சொல்லு!" என்று பந்தை வீசிய பெண் கத்தினாள். பந்து எனக்கு இரண்டு ஆள் தள்ளி வந்தபோது நான் கழிவறைக்குப் போய்விட்டேன். எல்லோரும் கிளம்பும் வரை அங்கேயே இருந்தேன்.

ஆனர்ஸ் கட்டடத்தில் பந்து கிடையாது. ஒரு நீள மேஜை, டாக்டர் ஃபென்விக் என்ற இயக்குநர், ஒரு தட்டு குக்கீ. என்ன படிக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். புள்ளியியல் என்றேன். சரி என்றார்.

கதவைத் தட்டாத இடம்தான் எனக்கு வேண்டும். அந்த வட்டத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு நீங்கள்தான் காரணம் என்பதும் தெரியும். இதை எழுதாமல் விட நினைத்தேன். எழுதிவிட்டேன்.

ஷெல்பி


செப்டம்பர் 20, 2006

ஷெல்பி,

சனிக்கிழமை லோரெட்டா வந்திருந்தாள். உங்கள் ஆனர்ஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் விண்ணப்பத்தோடு எழுதிய கட்டுரைகளில் பன்னிரண்டைப் புத்தகமாகப் போட்டு வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். உன் அம்மா ஒரு பிரதியை லோரெட்டா வீட்டுக் கதவில் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது. லோரெட்டாவும் பார்க்கவில்லை. "நம்ம புள்ள பேரு அச்சுல வந்திருக்கு பாருடா!" என்று எனக்குக் கொண்டுவந்தாள். அவள் போன பிறகு படித்தேன். பக்கம் ஒன்பது.

நான் இறந்த விதத்தைப் படித்தேன். வண்டியின் முன்னால் மான் ஓடி வந்ததும், நான் ஸ்டியரிங்கைத் திருப்பியதும், பாலத்துக் கம்பி என் பக்கமாக உள்ளே வந்ததும். உன் தம்பி நோலன் மணிக்கட்டு முறிந்து தப்பித்ததும்.

கோபம் இல்லை. இதை நீ நம்ப வேண்டும். ஐந்து தடவை படித்தேன். நோலன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போடும் இடத்தை அதற்கும் மேலே படித்தேன். பதினாலு வயது, கண்ணாடி போட்டிருக்கிறான், பென்சிலைக் கடிக்கிறான், நீ அதட்டுகிறாய். யாராவது அந்த ராத்திரி என்னிடம் வந்து, இருவரில் யார் என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் நீ எழுதியிருக்கிறாய். எனக்கு நல்ல சாவு கொடுத்திருக்கிறாய்.

அந்த மானை மட்டும் எடுத்திருக்க வேண்டாம்.

அப்பா


அக்டோபர் 4, 2006

நான் திட்டம் போட்டு எழுதவில்லை.

போன நவம்பரில் பள்ளிக் கணினியில் உட்கார்ந்தேன். "உங்கள் வாழ்வை மாற்றிய ஒரு நிகழ்ச்சி, எண்ணூறு சொற்களுக்குள்." முதல் வரியை உண்மையாகத்தான் ஆரம்பித்தேன். "என் தம்பி" என்று எழுதினேன். அடுத்த சொல் "இறந்தான்" என்று வர வேண்டும். என் கை "என் தம்பிக்குப் பின்னக் கணக்கு வராது" என்று எழுதியது. அவனுக்கு வராதுதானே? அது உண்மைதான். அதற்கப்புறம் அவன் போகவே இல்லை. மேஜையிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் இருக்க வேண்டுமென்றால் வேறு யாராவது போக வேண்டியிருந்தது. மான் எனக்கு வேறு வழி தெரியாமல் வந்தது. அது பொய் என்று தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஸ்காலர்ஸுக்கும் அதே கட்டுரைதான் போனது. அவர்கள் அச்சிடவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எல்லோரும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டார்கள். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்து ஆனர்ஸுக்கு வந்தேன். இப்போது தினமும் கேட்கிறார்கள். எதிர் அறை கிரெட்சன் நல்ல பெண். "உன் தம்பி எப்படி இருக்கான்? இன்னும் பென்சிலைத் தின்னுறானா?" என்பாள். நான், "இப்ப டிராம்போன் வாசிக்கிறான், வீட்ல இருக்க முடியல" என்பேன். சிரிப்பாள். போன வாரம் அவனுக்கென்று பல்கலைக்கழக நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கிக் கொடுத்தாள். "அவன் தலை பெருசா சின்னதா?" என்று கேட்டாள். பெரிது என்றேன்.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், வேறு யாரிடம் சொல்வது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் அவன் எட்டாம் வகுப்பில் இருக்கிறான். ஐந்து நிமிடம் முடிந்ததும் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஷெல்பி


அக்டோபர் 15, 2006

ஷெல்பி கண்ணு,

மானைப் பற்றி உன் அம்மா எந்த அளவு சொன்னாளோ தெரியாது. நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை என் கூட்டாளி ரான் வீட்டுக் கார் கொட்டகையில் நாலைந்து பேர் குடித்தோம். எத்தனை என்று கோர்ட்டில் சொன்னார்கள், அது சரிதான். ஆறரைக்கு நோலனைக் கூடைப்பந்துப் பயிற்சியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். போனேன். மான் எதுவும் வரவில்லை. பாலத்தருகே வளைவு வந்தது, நான் வளையவில்லை. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் உன் அம்மா என் சட்டையைப் பிடித்து, "என்ன ஆச்சு, டுவேன், என்ன ஆச்சு?" என்று கேட்டபோது வாயில் முதலில் வந்தது மான். அவள் நம்பினாள். ரத்தப் பரிசோதனை வந்த பிறகும், "குடிச்சிருந்தாரு, இல்லங்கல. ஆனா மான் குறுக்க வந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான்" என்று சர்ச்சில் எனக்காக நின்று பேசினாள். மகனைப் புதைத்தவள். நாற்பது நாள் அவளை அப்படிப் பேச விட்டேன். அப்புறம் ஒருநாள் சொன்னேன். நோலனுக்காக அவள் என்னை ஒருவேளை மன்னித்திருப்பாள். மானுக்காக மன்னிக்கவில்லை. அவள் செய்ததுதான் சரி.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. போய் உண்மையைச் சொல் என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். நீ கஷ்டப்பட்டு வாங்கிய இடம். அது போனால், அதுவும் என் கணக்கில்தான் சேரும். என்னால் அதைத் தாங்க முடியாது, இது சுயநலம்தான்.

ஆகவே யோசித்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். நான் இறந்தவனாகவே இருக்கிறேன். லோரெட்டா உறையை மாற்றி அனுப்பினாலும் உள்ளே ஒவ்வொரு தாளிலும் சிறை முத்திரை இருக்கிறது. உன் மேஜையில் யாராவது பார்த்துவிட்டால்? இனி நான் எழுதப்போவதில்லை. நீயும் எழுத வேண்டாம். என் கடிதங்களைக் கிழித்துப் போடு. உன்னுடையவை என்னிடம் பத்திரமாக இருக்கும்.

படிப்பை மட்டும் விடாதே. சளி பிடித்தாலும் வகுப்புக்குப் போ.

அப்பா


டிசம்பர் 12, 2006

நீங்கள் எழுதவில்லை. சொன்னபடி இருக்கிறீர்கள். இதையாவது படியுங்கள்.

நவம்பரில் ஆனர்ஸில் தம்பி தங்கைகளுக்கென்று ஒரு வார இறுதி நடத்துகிறார்கள். அவர்களைக் கூட்டி வந்து விடுதியில் தங்க வைக்கலாம். நான் பெயர் கொடுக்கவில்லை. அறிவிப்பு ஒட்டியிருந்த பக்கம்கூடப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு ஒரு படிவம் கொடுக்கப் போனேன். மேஜையில் பெயர் அட்டைகளை அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றில் "நோலன் ரக்கர், விருந்தினர்" என்று இருந்தது. கிரெட்சன் எனக்கு ஆச்சரியம் கொடுப்பதற்காகப் பெயர் கொடுத்திருக்கிறாள். அட்டையில் சட்டையில் மாட்ட ஒரு கொக்கியும் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் ஃபென்விக் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அப்புறம், "அவன் உயிரோட இருக்கான்னு எழுதினாத்தான் இடம் கிடைக்கும்னு நெனைச்சியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல. செத்துட்டான்னு எழுதியிருந்தா இன்னும் சுலபமா கிடைச்சிருக்கும்" என்றேன்.

"நீ உண்மையை எழுதியிருந்தாலும் உன்னை எடுத்திருப்போம், ஷெல்பி." அதைத்தான் அவர் சொல்லக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

குழு இரண்டு முறை கூடியது. ஆனர்ஸிலிருந்து நீக்கிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். என் பதிவில் ஒரு குறிப்பு இருக்கும். ஜனவரியில் அறையைக் காலி செய்ய வேண்டும், சாதாரண விடுதியில் இடம் தருகிறார்கள். ஸ்காலர்ஸ் அலுவலகத்துக்கும் போய்க் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அங்கே இருந்த அம்மாள், "அது ஆகஸ்ட்லயே நெறஞ்சு போச்சே கண்ணு. நடுவுல யாரையும் சேக்கறதில்ல" என்றார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. கையில் ஒரு பச்சைக் கோடு போட்ட புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்.

கிரெட்சனிடம் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "நான் தினமும் அவனைப் பத்திக் கேட்டேனே, ஒரு தடவைகூட உனக்குச் சொல்லத் தோணலையா?" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். உங்களுக்கு எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். "டிராம்போனா?" என்றாள். "அவன் ட்ரம்ஸ்தானே வேணும்னு அடம் பிடிச்சான்?"

இங்கே ஒன்று நடந்திருக்கிறது, அதை யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. உங்களுக்குப் புரியலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் அவனுக்குப் பதினாலு வயது. மதியம் மறுபடியும் பதினொன்றாகிவிட்டான். முதல் தடவை நான் அழவில்லை, எல்லோரும் அதைச் சொல்வார்கள். இந்தத் தடவை மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நான்காவது நாள் வகுப்புக்குப் போனேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. முயன்று பார்த்தேன். இப்போது பொய் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று வேண்டும். பயிற்சிக் கூடத்திலிருந்து பாலம் வரைக்கும் அவன் உங்களோடு இருந்தான். அவன் என்ன பேசினான் என்று கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது. எழுதுங்கள்.

ஷெல்பி


டிசம்பர் 27, 2006

ஷெல்பி,

உன் கடிதத்தைப் பல நாள் வைத்திருந்தேன். நாலாவது நாள் எழுந்து போனாய் என்ற வரியை ஹோரஸிடம் படித்துக் காட்டினேன்.

கேட்டதை எழுதுகிறேன்.

பயிற்சிக் கூடத்திலிருந்து பாலத்துக்குப் பதினோரு நிமிடம். அவன் பையைக் காலடியில் போட்டுவிட்டு ஏறினான். சீட் பெல்ட் போடச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. புது ஷூவைப் பற்றிப் புகார் சொன்னான். "தரையில வச்சா கத்துதுப்பா. நான் ஓடினா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. எலி கத்துற மாதிரி இருக்குன்னு ட்ராவிஸ் சொல்றான்." அடியில் சோப்புத் தடவு என்றேன். "சோப்பா? வழுக்கி விழுந்தா?" என்று கேட்டுவிட்டுத் தானே விழுவது மாதிரி நடித்துச் சிரித்தான். என் மேல் வாடை அடித்திருக்க வேண்டும். அவன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினான். குளிருதுடா, ஏத்து என்றேன். ஏற்றிவிட்டான்.

அப்புறம் பசிக்கிறது என்றான். வீட்டில் என்ன என்று கேட்டான். மக்கரோனி என்றேன், தெரியாமல்தான் சொன்னேன்.

உன்னைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை, ஷெல்பி. பேசினான் என்று எழுதியிருந்தால் நீ நம்பியிருப்பாய், உனக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஒரு தாளில் அப்படி எழுதியும் பார்த்தேன். அதை அனுப்பவில்லை. பதினோரு வயசுப் பையன் அக்காவைப் பற்றிப் பேசமாட்டான். அவள் வீட்டில் இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

கடைசியில் அவன் ஜன்னலில் மூக்கை ஒட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை எழுத்துக்கூட்டல் தேர்வு இருந்ததாம், ஒன்றும் படிக்கவில்லையாம். "அப்பா, இன்னைக்கு ராத்திரி பனி கொட்டுமா? ஸ்கூல் லீவு விடுவாங்களா?" என்று கேட்டான்.

"கொட்டும்டா" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாலம்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் என் அறைக்கு ஜன்னல் இல்லை. மறுநாளும் என்னை வெளியே விடவில்லை. அப்புறம் யாரிடமும் கேட்க முடியவில்லை, கேட்கும் விஷயமா இது? பனி அந்த ராத்திரியே கொட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்கு நினைவிருந்தால் எழுது. இல்லையென்றால் பரவாயில்லை.

அப்பா


ஜனவரி 6, 2007

அப்பா,

கொட்டியது. விடியும்போது முழங்கால் வரைக்கும் இருந்தது. லோரெட்டா அத்தை எங்கள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். ரேடியோவை யாரும் நிறுத்தவில்லை. பனிக்காக மூடப்பட்ட பள்ளிகளின் பெயரை ஆறு மணிக்கு ஒவ்வொன்றாக வாசித்தார்கள். நோலன் படித்த ஹாலோவெல் தொடக்கப் பள்ளியையும் வாசித்தார்கள்.

ஷெல்பி